வலக்கண் இமை

அண்ணையின் கடிதம் வந்த மூன்றாம் நாள் என் வலக்கண் இமை துடிக்கத் தொடங்கியது. கனடாவிலிருந்து பல கை மாறி வந்த கடிதம். எப்படியாவது கொழும்புக்கு வந்து சேர், மற்றதை நான் பார்க்கிறேன், ஐயாவுக்கு மட்டும் சொல்லாதே என்று எழுதியிருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குடாநாட்டை விட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். என்னைப் போன்ற இளவயதுக்காரருக்கு அது லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் ஒரு மாதத்தில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு அவருக்கு எந்தக் காலத்திலும் பாஸ் இல்லை. எனக்குப் பிணை நிற்க என்னைப் பெற்ற ஐயாவை விட்டால் ஆளில்லை.

கடிதத்தைப் பெட்டிக்குள் சேலைக்கடியில் ஒளித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தேன். வேலை செய்யும்போது கண்ணுக்கு ஒன்றுமில்லை. கதிரையில் சாய்ந்து ஆறுதலாக இருந்தால் போதும், இமைக்குள் புழு நெளிவதுபோலத் தொடங்கிவிடும். பெண்ணுக்கு வலக்கண் துடித்தால் கூடாது என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். அதே கண் ஆணுக்குத் துடித்தால் நல்லதாம். இமையில்கூட ஆண் பெண் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. இங்கே வைத்தியம் பார்க்க முடியாத வருத்தம் என்று டொக்டர் எழுதித் தந்தால் பாஸ் கிடைக்கும்.

ஐயா சைக்கிளில் ஏற்றி, எங்கள் குடாநாட்டிலேயே இருக்கும் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார். பெரிய வருத்தமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டே போனேன். டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்று கேட்டார். ஆறேழு இருக்கும் என்றேன். பால் ஏது, சீனி ஏது? பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. பாதி நாள் பசிக்கும் அதுதான். நித்திரை பற்றிக் கேட்டார். ஷெல் விழும் ஊரில் யாருக்கு நித்திரை? எதில் வாசிக்கிறேன் என்றும் கேட்டார். ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் என்றேன். இவை ஒவ்வொன்றும் இமையைத் துடிக்க வைக்கும் என்றார். கடைசியாக, மனதில் ஏதும் யோசனை உண்டா என்றார். பக்கத்தில் ஐயா இருந்தார். இல்லை என்றேன்.

"உது வருத்தமில்லைப் பிள்ளை. தேத்தண்ணியைக் குறைச்சு நல்லா நித்திரை கொண்டால் தானாய் நிண்டிடும்."

என்னை மறித்துக் கதவைச் சாத்தியது போலிருந்தது. ஐயா சைக்கிளை எடுக்க வெளியே போனதும், கொழும்பில் கண்ணைக் காட்டச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதித் தந்தார்.

பாஸுக்குப் போகும் நாள்வரை தேத்தண்ணியைக் கூட்டினேன். நிறுத்த வேண்டிய துடிப்பை ஊட்டி வளர்த்தேன். ஆனால் பாஸ் கொடுக்கும் இடத்தில் நீள மரவாங்கில் போய் இருந்ததும் அந்தப் பாழாய்ப்போன இமை நல்ல பிள்ளையாக அடங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். துண்டை வாசித்தான், கண்ணைப் பார்த்தான்.

"துடிக்கேல்லையே?"

இருந்திட்டு இருந்திட்டுத்தான் துடிக்கும் என்றேன். அவன் துண்டை என் பக்கம் தள்ளினான். எனக்கு அழுகை வந்தது. அப்போது ஐயா எழும்பி, தான்தான் பிணை என்றார். மகள் திரும்பி வருவாளா என்று அவன் கேட்டான்.

"ஓம் தம்பி. ஒரு மாதத்திலை வருவாள்."

ஐயா பொய் சொல்லாதவர். எங்கள் ஊர் வேலிச் சண்டைகளில் இரண்டு பக்கமும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும். அவர் அதைச் சொல்லி முடிக்க என் இமை துடிக்கத் தொடங்கியது. கையால் பொத்தினாலும் நிற்கவில்லை. அவன் பார்த்தான். தள்ளிய துண்டைத் திரும்ப எடுத்து, ஐயாவிடம் கையெழுத்து வாங்கினான்.

திரும்பும் வழியில் நான் கரியரில் இருந்தேன். ஐயா பாதித் தூரம்வரை மிதித்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"பொய் சொன்னது நான். உன்ரை கண் ஏன் பிள்ளை துடிச்சது?"

பெட்டியைத் திறந்து பார்த்தாரா, அண்ணை அவருக்கும் எழுதினாரா, எனக்கு இன்றும் தெரியாது. அவருடைய சேட்டின் முதுகுப்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கொழும்பில் பால் தேத்தண்ணி குடித்து நன்றாக நித்திரை கொண்டேன். ஒரு கிழமையில் துடிப்பு நின்றுவிட்டது. நான் திரும்பிப் போகவில்லை. மாதம் முடிந்ததும் ஐயாவைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். என்ன கேட்டார்கள் என்று அவர் எழுதவேயில்லை. கடைசிவரை அவர் குடாநாட்டை விட்டு வெளியே வரவுமில்லை. வந்த ஒவ்வொரு கடிதத்திலும் கண் எப்படி என்றுதான் கேட்டிருந்தார். கண் சுகம் என்று ஒவ்வொரு முறையும் பதில் எழுதினேன். அது உண்மை. அவர் சொன்ன பொய்யால் வந்த அந்தச் சுகத்தை எழுதத்தான் ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கூசும்.