பூவாடைக்காரி என் மேல் இறங்கவில்லை

போன வெள்ளிக்கிழமை பம்பை மேளச் சத்தம் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதை எழுதும்போதுகூட முழுசாகப் போகவில்லை…

தம்பிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். எங்கள் சங்கராபுரம் பக்கம் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படையல். வீட்டில் கன்னியாகச் செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரி. பம்பைக்காரர் கிணற்றடியில் நின்று பாட்டுப் பாடி அவளைக் கூப்பிடுவார். வீட்டு ஆள் யார் மேலாவது இறங்குவாள். பேசுவாள். அவள் சரி என்றால்தான் எல்லோருக்கும் நிம்மதி.

மற்ற வீடுகளில் பூவாடைக்காரிக்கு முகம் தெரியாது. எந்தக் காலத்திலோ செத்தவளாக இருப்பாள். எங்கள் வீட்டில்? என் அக்கா செல்வி! நான் எழுதுவதை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், போன வருஷம் காமாலையில் போனாள். ஒரே பாயில் படுத்தவள்.

அவள் போன பிறகு நான் அழவே இல்லை. நான் அழுதால் அம்மா தாங்க மாட்டாள். எட்டாவதோடு நின்றுவிட்டு டெய்லர் கடையில் பட்டன் கட்டுகிறவள் நான். யாரிடம் போய்ச் சொல்வது? கடையில் கூட வேலை செய்யும் மேரி அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கூட்டிப்போனார். தகரக் கொட்டகை. எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபம் பண்ணினார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் முட்டி போட்டு நான் ஆண்டவரைத் திட்டினேன். எங்கள் செல்விதான் கிடைத்தாளா என்று கேட்டேன். நன்றாகத் திட்டினேன்…

வெளியே வரும்போது நெஞ்சில் ஒரு அமைதி. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து போகிறேன்.

இப்போது படையல். கூடப் பிறந்தவள் மேல்தான் வருவாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே ஆசை — செல்வி பேசி ஒரு தடவை கேட்க வேண்டும். அத்தைக்கு மட்டும் சந்தேகம்.

"ஜெபத்துக்குப் போறவ மேல எப்பிடி எறங்குவா? வாசப்படியில நின்னு பாத்துட்டு திரும்பிப் பூடுவா."

அக்கா என் மேல் வந்துவிட்டால் ஆண்டவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ? வராவிட்டால் அம்மா என்ன ஆவாள்? இரண்டு பக்கமும் பயம். நடுவில் நான்.

பம்பை வேகம் பிடித்தது. தோள் தானாக ஆடியது. தலை சுற்றியது. பயத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன் — முட்டி போட்டு, கையைத் தூக்கி, கண்ணீர் வழிய வாய்விட்டு ஜெபம் பண்ணினேன். பம்பைச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? வந்துவிட்டாள் என்று மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டார்கள்.

அம்மா ஓடிவந்து என் முகத்தைப் பிடித்தாள்.

"செல்வி… வந்துட்டியாடி? அங்க தனியா பயந்துகினு இருக்கியா? அம்மாகிட்ட சொல்லுடி."

அக்கா குரல் எனக்கு அப்படியே வரும். "இல்லம்மா" என்று ஒரு வார்த்தை போதும். அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். அத்தை வாய் மூடும். கல்யாணம் நடக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? வாய் வரைக்கும் வந்துவிட்டது… ஆனால் செத்தவள் குரலில் அம்மாவை ஏமாற்றிவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை முட்டி போடுவேன்?

"அம்மா, நான்தாம்மா. அக்கா வரல."

பம்பை நின்றுவிட்டது. அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கை போனதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. பம்பைக்காரர்தான் சமாளித்து, படையலைப் போடுங்கள், அவள் மனசு குளிரட்டும் என்றார். கல்யாணத்தில் ஏதாவது ஒன்று ஆனால் நான்தான் பொறுப்பு என்று அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து தம்பி பைக்கை எடுத்தாலே நான் வாசலுக்கு ஓடுகிறேன். கள்ளக்குறிச்சிக்குத் துணி எடுக்கப் போனவன் திரும்பி வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னிடம் பேசவே இல்லை. நேற்றுக் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "உன் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அவ பயந்துகினு இருக்காளா இல்லியான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அவள் பயப்படவில்லை, எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் அதைத்தான் கேட்கிறேன், கேட்டுவிட்டு எழுந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அம்மா சாம்பல் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். செல்வி போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது நேற்றுத்தான்.

தாலி கட்டி முடிகிறவரை எனக்குப் பயம்தான். ஆனால் பயப்படுகிறவளை ஆண்டவர் இதுவரை வெளியே போகச் சொன்னதில்லை — வெளியே போ என்று சொல்வது அத்தைதான்.