நடுவில் உட்காருகிற விச்சு

நீலா அவன் பெயரை முதன்முதலில் கேட்டது கோயமுத்தூரில், ஸ்வாமிநாதன் சித்தப்பாவின் வாயால். "நம்ம விசாலம் பிள்ளை விச்சு, பூனாவுல கம்ப்யூட்டர் உத்யோகம். ரெண்டு பேர் அடிச்சுண்டா நடுவுல போய் உக்காந்துப்பான். தங்கமான பையன்!" சித்தப்பாவுக்கு விசாலம் ஒன்றுவிட்ட அக்காள். அப்படிப் பார்த்தால் நீலாவுக்கு அவன் அத்தை பிள்ளை. அவனையே கல்யாணம் செய்துகொண்டு புனேக்கு, வானவடிப் பகுதியில் இருந்த அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான், நடுவில் உட்காருவது அவன் குணம் மட்டுமல்ல, பிழைப்பும் அதுதான் என்று தெரிந்தது.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும். பதில் வராவிட்டால் இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் மேல் தப்பில்லை என்பார்கள். விச்சு நடுவே டனல் என்று, சுரங்கப்பாதை மாதிரி ஒரு புரோகிராமைத் திறந்து வைப்பான். சேதி அதற்குள் புகுந்துதான் போக வேண்டும், வர வேண்டும். போனதும் வந்ததும் திரையில் தெரியும். மிக்சரைக் கொறித்துக்கொண்டே பார்ப்பான். "யாரும் கதை சொல்லப்படாது. என்ன போச்சு, என்ன வந்தது, அவ்வளவுதான்."

வீட்டிலும் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டால், இருவருக்கும் நடுவில் தன் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுக்கொள்வான். அவள் சொன்னதை இவளுக்கும், இவள் சொன்னதை அவளுக்கும் எடுத்துச் சொல்வான்.

இரண்டாயிரத்து மூன்றில் நீலாவின் தம்பி ஜெயந்துக்குக் கல்யாணம். ரயிலேறுகிற வாரத்தில் ஆபீசில் சிக்கல். மருந்துக் கடைகளின் ஆர்டர் பிம்ப்ரி கிடங்குக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அனுப்புகிற புரோகிராமை எழுதிய ஹரீஷ், "அரே, மேரா தோ டீக் ஹை!" என்று, தன்னுடையது சரியாகத்தான் இருக்கிறதென்று சத்தியம் செய்தான். விச்சு டனலை வைத்தான். ஆர்டர் ஜம்மென்று போயிற்று. எடுத்தான், நின்றது. வைத்தால் போகிறது, எடுத்தால் நிற்கிறது! மானேஜர் வைஷாலி, டனல் அப்படியே இருக்கட்டும், அதைப் பார்த்துக்கொள்ள விச்சுவும் இருக்கட்டும், லீவு கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

நீலா பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவையை எடுத்து வெளியே வீசினாள்.

"கூடப் பொறந்தவன் கல்யாணத்துல நான் தனியா நிக்கணுமா? நீங்க நடுவுல இருந்தாத்தான் அதுகள் பேசிக்குமோ? நானும் உங்கம்மாவும் மாதிரின்னா இருக்கு!"

"நான் என்ன பண்றேன்? கேட்டதை அப்படியே சொல்றேன்."

"அப்படியேவா? நேத்து சாம்பார் வாயிலேயே வைக்க முடியலேன்னேன். அம்மாகிட்ட என்ன சொன்னேள்?"

"நீலாவுக்கு இன்னும் துளி உப்பு வேணுமாம்னேன்."

சமையலறையிலிருந்து விசாலம், "அடப்பாவி!" என்றாள்.

"அப்போ டனலும் அப்படியே அனுப்பலையோ என்னமோ!" என்றான் விச்சு. சட்டையை மாட்டிக்கொண்டு, ஆபீசுக்குப் போக ஸ்கூட்டரை உதைத்தான்.

டனலுக்குள் நுழைந்த சேதியையும் அதிலிருந்து வெளியேறிய சேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தான். ஹரீஷின் புரோகிராம், யாருக்குப் போகிறது என்கிற பெயரைச் சேதியின் தலைப்பில் தப்பாகப் போட்டிருந்தது. டனல் சத்தம் போடாமல் அதைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தது! ஹரீஷ் ஒரு வரியை மாற்றினான். டனலை எடுத்தார்கள். ஆர்டர் தானே போயிற்று, விச்சுவுக்கு லீவும் கிடைத்தது. நீலாவின் பட்டுப்புடவையும் பெட்டிக்குள் திரும்பப் போயிற்று.

இப்போதும் அவர்கள் வானவடியில்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் விசாலமும் நீலாவும் அடுத்தடுத்து உட்கார்ந்து, சாம்பாரைப் பற்றி நேரடியாகவே சண்டை போடுகிறார்கள். விச்சு ஓரத்து நாற்காலியில் இருக்கிறான்.