சூடமும் டீசல் முள்ளும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். கோவில்பட்டியில் ஒரு வத்தல் வியாபாரியிடம் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர்களில் களம் களமாகப் போய் மிளகாய் வத்தல் மூட்டைகளை ஏற்றிவந்து குடோனில் இறக்குவது என் வேலை. அந்த மாசியில் நடந்ததை இன்றைக்குச் சொன்னாலும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். "மெதுவாப் பேசுங்க, சண்டைன்னு நினைச்சு ஆள் வந்துரப் போறாவ" என்பாள் என் மனைவி. வரட்டும், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வத்தல் பருவத்தில் எங்கள் நாள் ஒரே மாதிரித்தான் போகும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே குடோனில் சரக்கை இறக்கிவிடுவோம். அதன்பிறகு வண்டியை எங்கள் ஊருக்கு எடுத்துப் போய்விடுவேன். ஆறு கிலோமீட்டர்தான். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, இருட்டோடு, முதலாளி வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும். அவர் ஏறிக்கொள்வார். போகிற வழியில் பங்கில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்புவோம். பருவம் இல்லாத நாட்களில் எட்டு மணிக்குத்தான் வண்டியே எடுப்போம்.

பருவம் தொடங்கி நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, காலையில் ஏறி உட்கார்ந்த முதலாளி மீட்டரைக் காட்டினார்.

"ஏலே, நேத்து சாயங்காலம் இறங்கும்போது முள்ளு பாதில நின்னுச்சு. இப்ப எங்கன கிடக்கு பாரு."

பார்த்தேன். கால்வாசிக்கும் கீழே கிடந்தது.

"ஆறு கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசலையும் குடிச்சது வண்டியா, நீயா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் முள் அதே இடத்தில்தான் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

ஒன்பது வருடம் அவரிடம் ஓட்டியிருக்கிறேன். அவர் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மழையில் திருநெல்வேலி வரை கொண்டுபோனது நான்தான். அதெல்லாம் அந்த முள்ளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. டிரைவர் என்றால் டீசல் எடுப்பான் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. எடுக்கிறவன் இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக எல்லார் நெற்றியிலும் எழுதி ஒட்டிவிடுவதா?

"மீட்டர் பழுதா இருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மதிய நேரம் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். டேங்குக்குள் இருக்கிற மிதவையை வெளியே எடுத்துக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்கள். முள் ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. "மீட்டர் நயமா இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

அன்றைக்கே டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு போட்டார். சாவி அவர் இடுப்பில். சரி, இதோடு சந்தேகம் தீர்ந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அவர் ஏறினார். முள் கீழே கிடந்தது! பூட்டு பூட்டியபடி இருக்கிறதே, இனியாவது யோசிப்பார் என்று பார்த்தால், "டேங்குக்கு அடில நட்டைக் கழட்டி எடுக்கியோ?" என்கிறார். பூட்டைச் சந்தேகப்பட்டார், நட்டைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்பட்டார். முள்ளை மட்டும் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் குடோனுக்குப் பக்கத்தில் இருந்த சுடலைமாடன் பீடத்துக்குக் கூப்பிட்டார். லோடு இறக்குகிற நாலு பேரும் நின்றார்கள். வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"எடுக்கலைன்னா அணைச்சு சத்தியம் பண்ணு."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. சூடம் அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பொய்ச் சத்தியம் என்றால் சாமி பார்த்துக்கொள்ளும். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு சொட்டு எடுத்திருந்தா என் குடும்பம் விளங்காமப் போவட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். கை சுட்டது. மனது லேசாக இருந்தது.

மறுநாள் காலை முள் கீழே கிடந்தது.

 பங்கில் டீசல் போட்டுக் கிளம்பிய பிறகு முதலாளி சொன்னார். "சுடலைக்கே பயப்படாதவன்கிட்ட நான் என்னத்தப் பேச? நாளைக்கு ஒரு நாள் ஓட்டு. சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

அன்று பகல் முழுக்க எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வேலை போனால் வேறு வண்டி கிடைக்கும். சூடம் அணைத்தும் திருடியவன் என்ற பேரோடு போனால் யார் வண்டியைத் தருவார்? வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி சோற்றுப் பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, "குடும்பத்தை இழுத்துச் சத்தியம் பண்ணிருக்கீயளே... நிசமாவே எடுக்கலைல்லா?" என்று கேட்டாள். அவளும் கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு வெறி பிடித்தது. நான் எடுக்கவில்லை. ஆனால் டீசல் குறைகிறது. அப்படியானால் வேறு யாரோ எடுக்கிறார்கள். என் வீட்டுத் தெரு ஒடுக்கம், பிக்கப் நுழையாது. அதனால் வண்டியைத் தெரு முனையில் இருக்கும் ஒரு வத்தல் களத்தின் ஓரத்தில்தான் நிறுத்துவேன். களம், என் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவிக்குச் சொந்தம். அண்ணன் இறந்த பிறகு நிலத்தைத் தனியாளாகப் பார்த்துவந்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்க அவரிடம் ஒரு டீசல் இஞ்சின் உண்டு. டீசல் இஞ்சின்! இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

நேராகக் களத்துக்குப் போனேன். பொழுது சாயவில்லை. ஏழெட்டுப் பெண்கள் நிறம் வெளுத்த சோடை வத்தலைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதினி மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, என் வண்டில டீசல் எடுக்கது நீங்கதான?"

கோணி ஊசி நின்றது. "என்ன தம்பி சொல்லுத?"

"எடுக்கலைன்னா சூடம் அணைங்க. நான் அணைச்சேன்லா, நீங்களும் அணைங்க."

அவர் எழுந்து நின்றார். "நான் எதுக்குல அணைக்கணும்? நீ யாரு என்னைக் கேக்கதுக்கு? வண்டியை எடுத்துட்டு என் களத்தை விட்டுப் போ."

அணைக்க மாட்டேன் என்றார் அல்லவா, அது போதுமே ஊருக்கு. "மடியில கனமில்லன்னா அணைச்சிர வேண்டியதான" என்று அங்கேயே ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அந்தக் களத்துக்கு மூன்று பேர்தான் வேலைக்கு வந்தார்கள். வெயிலில் அத்தனை வத்தலும் பரந்து கிடந்தது.

அந்த மறுநாள்தான் எனக்குக் கடைசி நாள். முதலாளி வண்டியில் வரவில்லை. என்னோடு உட்கார்ந்து வர அவருக்குக் கூச்சமாம்! ஒரு களத்தில் எடை போட நேரமாகிவிட்டதால் திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது. ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். அந்தப் பாழாய்ப்போன முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மங்கலாகிவிட்டதே என்று விளக்கு சுவிட்சைத் திருகினேன்.

முள் கீழே இறங்கியது.

விளக்கை அணைத்தேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துத் திட்டுகிற வரை போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காலையில் இருட்டில் வண்டி எடுக்கும்போது முதல் வேலையாக விளக்கைப் போடுகிறோம். சாயங்காலம் வெளிச்சத்திலேயே வந்துவிடுகிறோம். விடிந்து விளக்கை அணைக்கும்போது முள் ஏறியிருந்தால், பங்கில் டீசல் போட்டோமே என்று நினைத்துக்கொள்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் பட்டப்பகலில் பார்த்தார்கள். அங்கே எவன் விளக்கைப் போட்டுப் பார்த்தான்?

வழியிலேயே எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருந்தார், வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. நேரே வண்டிக்கு அடியில் படுத்தார். ஒரு ஒயரை எடுத்து ஒரு முனையை டேங்க் பக்கத்திலும் மறுமுனையைச் சேசிஸிலும் தொட்டுப் பிடித்தார்.

"இப்ப லைட்டைப் போடுங்க."

போட்டேன். முள் அசையவில்லை.

"மீட்டர்ல ஒண்ணுமில்லண்ணே. எர்த்துதான் இல்ல. பின்னாடி லைட்டுக்கும் டேங்க் மிதவைக்கும் ஒரே எர்த்து ஒயரு. வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். ஒயரைச் சேசிஸோடு முறுக்கியிருந்த திருகாணி கண்ணுக்கே தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்துப் பாதையில் அப்பிய கரிசல் மண் காய்ந்து கல்லாகி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பாய் ஸ்குரூடிரைவரால் குத்திப் பெயர்த்தார். உள்ளே பச்சை பச்சையாகக் களிம்பு. "லைட்டு போட்டா அந்தக் கரண்டு போறதுக்கு வழியில்லாம மீட்டர் ஒயருல ஏறி முட்டுது. அதான் முள்ளு தப்பாக் காட்டுது. தேய்ச்சு முறுக்குனா சரியாப் போவும், பத்து நிமிச வேலை."

"இப்பச் சரி பண்ணாதீங்க பாய். அவரு கண்ணால பாக்கணும்."

அப்படியே குடோனுக்குப் போனேன். முதலாளியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். "நீங்களே லைட்டைப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். போட்டார். அணைத்தார். மறுபடி போட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருடப் பழக்கத்துக்கு ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"ஓ... இதானா? சரி சரி, நாளைக்கே பாத்துரு. நீயே ஓட்டு, மனசுல ஒண்ணும் வச்சுக்காத." மேஜையிலிருந்து ஒரு பாக்கெட் கடலை மிட்டாயை எடுத்து, "பிள்ளையளுக்குக் குடு" என்று நீட்டினார்.

வாங்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு நாலு பேரு நிக்கத்தான சூடம் அணைக்க வச்சீங்க? அவிய நாலு பேரும் அங்கனதான் நிக்காவ. இவன் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"ஏலே, முதலாளிய மன்னிப்புக் கேக்கச் சொல்லுதியோ? அவனுவளுக்குத் தானாத் தெரியும். போ, போ."

பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடி நடக்க அவருக்கு மனசில்லை. என்னைத் திருடன் என்று சொல்ல ஒரு முள் போதுமாக இருந்தது. இல்லை என்று சொல்ல அவரே கண்ணால் பார்த்தும் போதவில்லை. திட்டிக்கொண்டேதான் வண்டியை ஓட்டினேன், வாய்க்கு வந்ததெல்லாம். நாலு பேர் முன்னால் பழி போட்டவன் அதை நாலு பேர் முன்னால் எடுக்க வேண்டாமா, இவனெல்லாம் மனுசனா என்று கத்திக்கொண்டே எங்கள் ஊர் முனையில் திரும்பினேன். வண்டி வெளிச்சம் மதினியின் களத்தில் விழுந்தது. அள்ள ஆள் இல்லாமல் வத்தல் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் எர்த்தைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் ஐந்து மணிக்கு வண்டி எடுக்கவில்லை; விடிந்ததும் களத்துக்குப் போனேன். போகும்போது, தனியாகக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் மனது சொன்னது. முதலாளிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கும் போல. வேலைக்கு வந்திருந்த மூன்று பெண்களும், ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "டீசல் களவே போகல. மீட்டரு எர்த்துதான் பழுது. மதினி மேல நான் போட்டது வீண் பழி. என்னை மன்னிச்சிருங்க."  சூடம் அணைப்பது இதைவிடச் சுலபமாக இருந்தது.

மதினி தலையை நிமிர்த்தவே இல்லை. பனையோலைக் கடகாப்பெட்டியில் வத்தலை அள்ளிக்கொண்டே கேட்டார்.

"நான் அன்னைக்குச் சூடம் அணைச்சிருந்தா, நீ நம்பிருப்பியா தம்பி?"

 நான் அணைத்தேன், என்னை யார் நம்பினார்கள்? செய்யாத தப்புக்கு எவனோ கொளுத்திய சூடத்தில் கையை வைத்து, கட்டினவளையும் பிள்ளைகளையும் பணயம் வைத்தவன் நான். "நீ யாரு என்னைக் கேக்க" என்று நிமிர்ந்து கேட்டவர் அவர். அன்று முதலாளியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் திருட்டுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பெட்டியை எடுத்து அவரோடு சேர்ந்து அள்ளினேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பருவம் முடிந்ததும் அந்த முதலாளியிடம் இருந்து நின்றுவிட்டேன். இன்று வரை அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இப்போது ஓட்டுகிற வண்டியின் மீட்டர் சரியாகவே வேலை செய்கிறது. ஆனாலும் யாராவது ஒருவரை நடுவில் நிறுத்தி, "எடுக்கலைன்னா சத்தியம் பண்ணு" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் மீதே இருப்பதால்தான், மூன்று வருடமாகியும் அது ஆறவே மாட்டேன் என்கிறது.