குண்டு மாமாவின் சத்தம்

முப்பத்தொரு வருடத் தொழிலில் இவர் ஒரு விழாவைக்கூட முன்வரிசையிலிருந்து பார்த்ததில்லை. கல்யாண வரவேற்பு, கம்பெனி விருந்து, இரங்கல் கூட்டம், எதுவானாலும் இவர் இடம் கடைசி மேசைக்கும் பின்னால், கறுப்புத் துணி சுற்றிய சவுண்டு மிக்சருக்குப் பக்கத்தில். தொழிலில் இருப்பவர்களுக்கு இவர் 'உஷ்' அண்ணன். ஸ்பீக்கரில் துளி இரைச்சல் கேட்டாலும் போதும், உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு எந்த ஒயரில் கோளாறு என்று தேடக் கிளம்பிவிடுவார்.

வீட்டிலும் அதே கதைதான். ஃப்ரிட்ஜ் உறுமக்கூடாதென்று அடியில் ரப்பர் கட்டை வைத்திருக்கிறார். "உங்க வீட்டுக்கு வந்தா தும்மறதுக்குக்கூட பர்மிஷன் வாங்கணும்" என்பான் மச்சினன். அவன்தான் இவர்களுடைய கம்பெனியில் லைட். மனைவி வீடியோ. கல்யாணமான புதிதில் எல்லா விடுமுறை நாளும் வீட்டில் தனியாக உட்கார்ந்து அலுத்துப்போய், எனக்கும் ஏதாவது கற்றுக்கொடுங்கள் என்று கூடவே கிளம்பியவர், இன்று எடிட்டிங்கில் இவரையே அதட்டுகிறார். வேலை நேரத்தில் மூவரும் ஹெட்செட் மாட்டிவிட்டால் உறவுமுறை கழன்றுவிடும். புருஷன் 'சவுண்டு', பெண்டாட்டி 'வீடியோ', மச்சினன் 'லைட்டு'. காலையில் போட்ட சண்டை பாக்கி இருந்தாலும் "ரெடியா வீடியோ?", "ரெடி சவுண்டு" என்பதில் குறை வராது.

போன மாதம் ஓர் அறக்கட்டளையின் நிதி திரட்டும் விருந்து இவர்களுக்குக் கிடைத்தது. நுரையீரல் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் தனி வார்டு கட்டப் பணம் வேண்டும். விருந்தின் நடுவே ஒரு சின்னப் படம் ஓடும். முடிந்ததும் படத்தில் வரும் சிறுமியின் அப்பா மேடையேறிப் பேசுவார். அவர் ஒரு தையல்காரர். ஏழு வயது மகள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. படத்தின் கடைசிக் காட்சி அவரே செல்போனில் எடுத்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறாள். படத்தில் தெரியாமல் பக்கத்தில் இருந்த ஆக்சிஜன் மெஷின் 'டப்... புஸ்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. உஷ் அண்ணன் அந்த ஒவ்வொரு புஸ்ஸையும் பொறுமையாகத் துடைத்து எடுத்தார். குழந்தையின் குரல் மட்டும் பளிச்சென்று நின்றது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும்கூட.

விருந்தன்று மதியம் ஒத்திகை. மேசைகளுக்கு வெள்ளை விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்த தையல்காரர் நேராகப் பின்னால் நடந்து வந்து, சத்தம் வரலையே என்றார். உஷ் அண்ணன் கொஞ்சம் ஏற்றி மறுபடி ஓட்டினார். இன்னும் வரலையே என்றார் அவர். இன்னும் ஏற்றியதில் விரிப்பு போட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் சத்தம் என்றால் அளவு. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உள்ளது. வேண்டாததற்குப் பெயர் இரைச்சல். தையல்காரர் சொல்வது அந்தச் சத்தம் இல்லை என்பது அப்புறம்தான் விளங்கியது.

"மெஷின் சத்தங்க. அதைத்தான் அவ குண்டு மாமான்னு கூப்பிடுவா."

காட்சியில் அந்தக் குழந்தை, "குண்டு மாமா, சும்மா இரு, நான்தானே பேசிட்டிருக்கேன்" என்கிறாள். ஒரு கணம் காத்திருக்கிறாள். பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அறையில் யாரோ ஒரு மாமா இருக்கிறார் என்றே உஷ் அண்ணன் நினைத்திருந்தார். அந்த ஒரு கணத்தில் மெஷின்தான் 'புஸ்' என்று பதில் சொல்லியிருக்கிறது. அதை இவர் துடைத்துவிட்டதால், குழந்தை இப்போது வெறும் இடத்தைப் பார்த்துப் பேசி, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் கோபப்படவில்லை. "இப்படித்தான் போடணும்னா போடுங்க சார். ஆனா நான் மேடைக்கு வரலை. இதைப் பாத்துட்டு எனக்கு என்ன பேசறதுன்னு தெரியாது."

நல்லவேளையாக, துடைக்காத ஒலி மனைவியிடம் இருந்தது. ஆனால் அறக்கட்டளைச் செயலாளர் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பெரிய மனிதர்கள் வருகிற சபை, ஸ்பீக்கர் ரிப்பேர் என்று நினைத்து முகம் சுளிப்பார்கள், குழந்தையின் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அதுவும் முடியாதென்றால் மெஷினை லேசாக, கேட்டும் கேட்காத மாதிரி வைக்கலாமே என்றார். உஷ் அண்ணனுக்கும் அந்த யோசனை ஓடாமல் இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"அவ யார்கிட்ட பேசறான்னு தெரிய வேண்டாமா?" என்றார் மனைவி.

உஷ் அண்ணன், எல்லாம் அப்படியே போகும், திட்டு விழுந்தால் என் தலையில் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஹால் நிறைந்தது. சூப் கிண்ணங்களை எடுத்ததும் லைட்டை இறக்கச் சொன்னார், படம் தொடங்கியது. கடைசிக் காட்சி வந்தது. 'டப்... புஸ்.' பக்கத்து மேசையில் ஒருவர் திரும்பினார். பிறகு மேசை மேசையாகத் தலைகள் திரும்பின. யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் இவர் தொழிலின் மரியாதை. செயலாளர் எழுந்து நின்று, குறையுங்கள் என்று கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார்.

"சவுண்டு, ஊரே உங்களைத்தான் பாக்குது" என்றான் மச்சினன் ஹெட்செட்டில்.

"தெரியுது."

விரல் பொத்தானிலேயே இருந்தது. இறக்கவில்லை. குண்டு மாமா, சும்மா இரு என்றாள் குழந்தை. மெஷின் 'புஸ்' என்றது. அவள் சிரித்தாள். ஹாலில் சிலர் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சட்டென்று அடங்கினார்கள். ஸ்பூன் சத்தம் நின்றது.

தையல்காரர் மேடையேறினார். மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்கல்ல, அதுதான் குண்டு மாமா. அது ஓடற வரைக்கும் நாங்க தூங்கினோம். நின்னப்புறம் எங்க வீட்ல யாருக்கும் தூக்கம் வரலை."

அதற்குப் பிறகு வார்டைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கினார்.

"சவுண்டு" என்றது மனைவியின் குரல்.

"ம்."

"ஒண்ணுமில்ல."

வார்டுக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டதாகச் செயலாளர் பிறகு சொன்னார். ஆனால் விருந்தினர்களில் சிலர், ஹாலில் ஸ்பீக்கர் சரியில்லை என்று ஹோட்டல் மேனேஜரிடம் குறை சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை அதே ஹாலில் நடக்கும் ஒரு கம்பெனி விருந்தை இவர்களிடம் பேசி வைத்திருந்தார்கள்; அது இப்போது வேறு ஆளுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மூவரும் வீட்டில்தான் இருப்பார்கள்.