பிரிட்ஜுக்குள் ஒரு பிராணி

மூலக்குளத்து வீட்டில் மெரின் வளர்த்த ஆக்சலாட்டலுக்கு வெயில் ஆகவில்லை. நாலு காலோடு தண்ணீரிலேயே வாழும் அந்தப் பிராணியின் செவுளில் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தது. டப்பாவில் குளிர்ந்த நீரூற்றிப் பிராணியை அதில் விட்டு, பூஞ்சை குறையும்வரை பிரிட்ஜில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் திரும்பியபோது, கணவன் நெல்சன் குடித்துவிட்டு பிரிட்ஜைத் திறந்து நின்றான்.

"சோத்துப் பக்கத்துல இத வைக்கிறியா?" என்று டப்பாவைச் சுவரில் அடித்தான். தரையில் துடித்த பிராணியை மிதிக்கக் காலைத் தூக்கினான். மெரின் குறுக்கே கையை நீட்டினாள். அவன் மிதியில் அவள் விரல் எலும்பு நொறுங்கியது.

கல்யாணமான நாள்முதல் அடி வாங்கியவளுக்கு அன்று வலி தெரியவில்லை. ஆத்திரம்தான் கண்ணை மறைத்தது. மற்றக் கையால் குக்கரை எடுத்து அவன் முகத்தில் இறக்கினாள். பல் உடைந்து, வாயெல்லாம் ரத்தத்தோடு சரிந்தான். மறுபடி ஓங்கினாள். அவன் கும்பிட்டுக்கொண்டே படியிறங்கி ஓடினான்.

அவள் குடத்துத் தண்ணீரில் எடுத்துவிட்ட பிராணி பிழைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் நெல்சன் கதவைத் தட்டினான். "தெரியாம பண்ணிட்டேன் மெரின். கதவத் தொற."

"போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். இன்னொரு தடவ வந்தே, மிச்சப் பல்லும் இருக்காது."

மாவுக்கட்டுக் கையால் டப்பாவை அணைத்துக்கொண்டு, அவள் புதுத் தண்ணீர் ஊற்றினாள்.