குளிசை தந்த துள்ளலும் கர்த்தர் தந்த குரலும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, வாயைத் திறந்தால் காற்று மட்டுமே வரும் ஒரு காலையை நான் பார்த்துவிட்டேன்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று என் கணவரைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். புஸ்ஸென்று காற்றுத்தான் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அணைக்க வேண்டுமென்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்திய ஞாயிறுதான் எங்கள் சபை கூடும் வெள்ளவத்தை மண்டபத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் நின்று, "கர்த்தர் என் குரலைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்லியிருந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆராதனையில் பாட்டு நடத்துகிறவள். கடந்த வருட மழைக்காலத்தில் என் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. தைரொயிட் சுரப்பியை எடுக்க வேண்டும் என்றார்கள். குரலுக்கான நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம், அதற்குச் சேதம் வரலாமாம். "ஆண்டவரே, வேறு எதை வேண்டுமானாலும் எடும், குரலை மட்டும் விட்டுவிடும்" என்று மீன் கடையில் பேரம் பேசுவதுபோல் அவரோடு பேரம் பேசினேன்.

சத்திரசிகிச்சைக்கு முன் ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அதே மருந்தை விழுங்கும் குளிசையாகவும் தந்து, எப்படிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார்கள். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து கண் திறந்ததுமே பேசிப் பார்த்திருந்தேன். குரல் இருந்தது! கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். வலி இல்லை. பசியோ பசி. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியை இழுத்துப் பின்பக்கம் துடைத்தேன். தூக்கம் வரவில்லை, பாட்டாக வந்தது. என் கணவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். பயந்துபோய்ப் பார்த்தார்.

"ஏன்டி, ஒபரேசன் செஞ்சது உனக்கா எனக்கா?"

எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இது பரிசுத்த ஆவியின் பலம்தான். அந்த ஞாயிறு கழுத்தில் கட்டோடு வந்து பாடினேன். குளிசைப் பெட்டியை உயர்த்திப் பிடித்து, "இனி இது எதற்கு?" என்று கேட்டேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருந்த நம் சபைத் தங்கை ஸ்டெல்லாவுக்கும் என்னைப் போலவே கழுத்தில் வீக்கம், அவளுக்கும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கு ஒபரேசனும் வேணாம், குளிசையும் வேணாம். ஜெபம் போதும்." நான் ஆமென் என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

"டொக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார் கணவர். அவிசுவாசி என்று அவரைத் திட்டினேன்.

பிறகு வந்ததுதான் அந்தக் காலை. உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது. கண்ணீர் தானாக ஓடியது. கிளினிக்குக்குப் போனோம். இளவயது யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை விட்டுப் பார்த்தார்.

"ஒரு பக்கத்து நரம்பு சோர்ந்துபோயிருக்கு அம்மா. அறுபடேல்ல. வேலை செய்யத் தொடங்கலாம், எப்ப எண்டு என்னால சொல்லேலாது. குளிசைய ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

எனக்குக் குரல் இல்லாததால் கணவர்தான் பதில் சொன்னார். "ராப்பகலா துள்ளிக்கிட்டு வேல செஞ்சா. சொகமாயிருச்சுன்னு சபையில சாட்சி சொல்லிட்டா டொக்டர்."

டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. "அந்த உசார் கனபேருக்கு ஸ்டீரொயிட்டால வாறதுதான். நோவு தெரியாது, பசிக்கும், நித்திரை வராது. வீக்கத்தையும் அமத்தி வைச்சிருக்கும். நிப்பாட்டினதாலதான் குரல் போனது எண்டு நான் சொல்லேல்ல. ஆனா எங்களக் கேக்காம விடக் கூடாது."

ஒரு மருந்தின் துள்ளலையா நான் ஆவியானவர் என்று சொன்னேன்? அதை நம்பி ஸ்டெல்லா என்ன செய்துவிட்டாளோ? கிளினிக் வாசலிலேயே நின்று அவளுக்குப் போனில் எழுதினேன்: "நான் சொன்னதைக் கேட்காதே. டொக்டரிடம் போ." அவள் அதற்குள் தனக்குக் குறித்த சத்திரசிகிச்சையை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அதன்பின் மாதக்கணக்கில் ஊமை வாழ்க்கை. புதிதாகத் தந்த மருந்தைச் சொன்னபடி விழுங்கினேன். தண்ணீர்க் கோப்பைக்குள் ஸ்ட்ரோவை வைத்து 'ஊ' என்று ஊதும் பயிற்சியும் செய்தேன். குமிழிதான் வந்தது. பஸ்ஸில் இறங்கச் சொல்லக் குரல் இல்லாமல் அடுத்த தரிப்பிடம் வரை போய் நடந்து திரும்புவேன். நீங்கள் பாடும்போது கடைசி வாங்குப் பலகையில் இருந்து உதட்டை மட்டும் அசைப்பேன். ஒருநாள் அங்கேயே பேரம் பேசுவதை விட்டேன். "குரல் தராவிட்டாலும் பரவாயில்லை ஆண்டவரே, நீர் மட்டும் போய்விடாதேயும்" என்றேன். அன்றைக்குத்தான் உண்மையாகவே ஜெபித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு மாலை, வெள்ளவத்தையிலிருந்து வீடு திரும்பும் பஸ். என் தரிப்பிடம் வந்தது, பஸ் நிற்கவில்லை. தம்பி, இறங்கணும் என்று என்னையறியாமல் சிங்களத்தில் கத்தினேன்.

"மல்லி, பஹினவா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடத்துனர் மணியை அடித்து, "ஹரி அக்கே, பஹின்ட" என்றான். இறங்கிய நான் தரிப்பிடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். பாட்டுக்கு வராத குரலைக் கர்த்தர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தந்தார். அவருக்கு நகைச்சுவை தெரியாது என்று யார் சொன்னது?

இப்போதும் உச்ச சுருதி எனக்கு எட்டாது. எட்டும் வரையில் பாடுகிறேன். அன்பானவர்களே, ஜெபியுங்கள், விடாமல் ஜெபியுங்கள். மருந்தை அவர் கையிலிருந்தே வாங்குவதுபோல் வாங்கிச் சொன்னபடி எடுங்கள். எதையும் நிறுத்துமுன் டொக்டரைக் கேளுங்கள். நடுவழியில் நின்று சாட்சி சொல்ல அவசரப்படாதீர்கள், அவர் முடிக்கட்டும்.

ஸ்டெல்லா, நீ திரும்பப் போய்க் கேட்ட நாள் கிடைத்துவிட்டது, வருகிற வாரம் உனக்குச் சத்திரசிகிச்சை. பயப்படாதே, கதவுக்கு வெளியே நான் இருப்பேன். கண் திறக்கும்போது உன் பக்கத்தில் வந்து நிற்பேன், குரல் வராவிட்டால் என் கையைச் சுரண்டு. யாரைக் கூப்பிட வேண்டுமோ, உனக்காக நான் கூப்பிடுகிறேன்.