மூணாவது ஆளுக்கு இடமில்லை

போன மாதம் மல்லிகா அக்காவின் செக்குக் கொட்டகையில் எனக்குக் கிடைத்த மரியாதையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்...

அக்கா சிங்கவரத்துக்காரர். ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு மல்லாட்டை எண்ணெய் – அதாங்க, கடலை எண்ணெய் – ஆட்டி விற்கிறார். தீபாவளிக்குச் சென்னை ஆர்டர் பிடிக்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். அதை நம்பி மூட்டை மூட்டையாக மல்லாட்டை வாங்கிப் போட்டாயிற்று. சைட் வராவிட்டால் ஆறு வீட்டில் பண்டிகை கிடையாது.

அதற்குப் போய் என்னிடமா வருவது? "எம் பையன் கம்ப்யூட்டர்ல இன்னா வேணா செய்வான்" என்று எங்க நைனா செஞ்சி பஜார் முழுக்கச் சொல்லி வைத்ததன் பலன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஒரு வெப் புரோகிராமிங் பிளாட்ஃபாரத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். காஸ்ட்லி சரக்கு. அதன் லைசென்ஸ் காசுக்கு அக்கா இன்னொரு செக்கே வாங்கிவிடலாம். ஆறு வருடமாக அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. "இதே வேலைக்கு எத்தனையோ ஃப்ரீயா கிடைக்குதே, உன் பிளாட்ஃபாரத்துக்கு எதிர்காலம் இருக்குதா?" என்று யாராவது கேட்டால் சுள்ளென்று கோபம் வரும். அவர்கள் கேட்பது என் எதிர்காலத்தை அல்லவா!

அக்காவிடம் அரை மணி நேரம் பேசினேன். நாற்பது வரி வேலை நாலே வரியில்... பாதுகாப்பு... கேரண்டி... அவர் கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். லைசென்ஸுக்குக் காசு? கவலைப்படாதீங்க, பழகிப் பார்க்கிறவர்களுக்கு கம்பெனியே ஒரு காப்பி சும்மா தருகிறது, முதலில் அதில் செய்து காட்டுகிறேன் என்றேன்.

காட்டும் நாள் வந்தது. ஆறு பேரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். முதல் போனில் சைட் திறந்தது. எண்ணெய் டின் பளபளவென்று வந்தது. இரண்டாவது போனிலும் வந்தது. மூன்றாவதில் – 'எரர்'. நான்காவதிலும் அதே.

சிக்னல் இல்லை என்றேன். நானும் நம்பவில்லை, அவர்களும் நம்பவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சும்மா காப்பி ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் பதில் சொல்லும். இது எப்படி எனக்குத் தெரியாமல் போனது? என் அறையில் சோதித்தது ஒரு லேப்டாப், ஒரு போன். இத்தனை நாளும் என் சைட்டுக்கு வந்த கூட்டம்... நானும், நானும்.

விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அக்கா நிதானமாகக் கேட்டார்:

"இன்னா தம்பி, ஷேர் ஆட்டோக்காரனே பத்து பேர ஏத்தறான். உன்னுது ரெண்டு பேரோட நின்னுடுதே?"

கொட்டகையே சிரித்தது. சிரித்து முடித்ததும் அக்காவின் பார்வை, கொட்டகை மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் போனது. காசில்லாமல் வேறு வழியே இல்லையா என்றார்.

"இருக்குதுக்கா. ஆனா ஃப்ரீயா வர்றது எவ்ளோ தூரம் உழைக்கும்னு..."

"நீ காசு குடுத்தா படிச்ச?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். சத்துணவு முட்டை. பஸ் பாஸ். சைக்கிள். முதல் பட்டதாரி என்று கல்லூரியில் குறைத்த ஃபீஸ். நான் முதல் புரோகிராம் எழுதிய லேப்டாப்கூட ஸ்கூலில் கொடுத்ததுதான். உடம்பு மொத்தமும் இலவசத்தில் வளர்ந்த ஒருவன் நின்றுகொண்டு, இலவசம் உழைக்காது என்று லெக்சர் அடிக்கிறான்!

அடுத்த நான்கு நாள், ஃப்ரீயாகக் கிடைக்கிற ஒரு புரோகிராமிங் மொழியோடு மல்லுக்கட்டினேன். திரையில் ஒரு வரியைக் காட்டுவது எப்படி என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தேடினேன். எந்த நாட்டுக்காரரோ, பொறுமையாகப் பதில் எழுதி வைத்திருந்தார். அவருக்கு யார் காசு கொடுத்தார்கள்?

ஐந்தாம் நாள் ஆறு போனிலும் சைட் திறந்தது. வாரம் முடிவதற்குள் சென்னையிலிருந்து ஆர்டர் வந்தது. தீபாவளிக்குள் மூட்டை அத்தனையும் காலி.

சரி, அந்தக் காஸ்ட்லி பிளாட்ஃபாரம் செத்துப்போகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய ஆபீஸ்களில் அது எங்க ஊர்க் கோட்டை மாதிரி கெட்டியாக நிற்கிறது. பராமரிக்க ஆள் உண்டு, ஆளுக்குச் சம்பளமும் உண்டு. புதிதாகக் குடிவரத்தான் யாரையும் காணோம். நானும் அதை விட்டுவிடப் போவதில்லை. யாராவது எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் கோபப்படுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

நேற்று என் கூலியைக் கேட்கப் போனேன். அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"அது ஃப்ரீன்னு நீதானே தம்பி சொன்ன?"

மொழிதான் ஃப்ரீ, நான் ஃப்ரீ இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் என் கையில் இரண்டு லிட்டர் எண்ணெய் டின் ஒன்று ஏறிவிட்டது.

லைசென்ஸ் காசை அந்தக் கம்பெனிக்காரன் ஏன் முன்கூட்டியே வாங்கிவிடுகிறான் என்பது, வாசல் தாண்டும்போதுதான் புரிந்தது.